துண்டுக்குள் ஒரு வாய்ப்பாடு

கரும்பலகையில் பெருக்கல் கணக்கை எழுதியதும் கோதண்டம் வாத்தியார் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார். சாக்பீஸ் தூள் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். துண்டுக்குள்ளே "ஏடு தொம்மிதுல அரவை மூடு" என்று தெலுங்கில் முணுமுணுத்துவிட்டு, அறுபத்து மூன்று என்று விடையை மட்டும் வெளியே தமிழில் சொல்வார்.

மனிதருக்குத் தமிழ் வராது என்று எண்ணிவிடக் கூடாது. திருமுல்லைவாயிலில் பிறந்தவர். "இன்னா நைனா, ஊட்ல கணக்கு போட்டியா?" என்றுதான் வகுப்பே ஆரம்பமாகும். ஆனால் படித்ததும் இத்தனை வருஷம் நடத்தியதும் தெலுங்கு வகுப்பில். மொழிவாரியாக மாநிலம் பிரிந்தபின் அதில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வர, போன வருஷம் தமிழ் வகுப்பாக்கிவிட்டார்கள். சரித்திரம், பூகோளம் எல்லாம் சமர்த்தாகத் தமிழுக்கு வந்துவிட்டன. வாய்ப்பாடு மட்டும் அடம்பிடித்தது. தொட்டில் பழக்கம் ஆயிற்றே.

பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? துண்டுக்குள் நடப்பதையும் கற்றுக்கொண்டார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பஞ்சவர்ணம் ஒருநாள் வந்து நின்றாள். "வாத்தியாரே, எம் பொண்ணு கணக்கு போடசொல்லோ இன்னாமோ மொணமொணக்குது. ஆனா தப்பே வர்ல" என்றாள். அவள் பாராட்டத்தான் வந்தாள். வாத்தியாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. தமிழில் பாடம் நடத்த முடியும் என்று இந்த வருஷ இன்ஸ்பெக்‌ஷனில் காட்டாவிட்டால் எங்காவது எல்லையோரத் தெலுங்குப் பள்ளிக்கு மாற்றல் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பக்கத்து வகுப்பை நடத்துவது நான்; எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான். அந்தப் பக்கம் அவர் குரல் இல்லாத பள்ளிக்கூடத்தை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். பஞ்சவர்ணத்தின் மகள் கண்ணம்மாவை எழுப்பி, ஏழு கூடையில் ஒன்பது ஒன்பது மாங்காய் இருந்தால் மொத்தம் எத்தனை என்று கேட்டார். குழந்தையின் உதடு அசைந்தது. அறுபத்து மூன்று என்றாள். அதற்கு முன்னால் என்ன முணுமுணுத்தாய் என்றார் அவர். நான் தட்டி ஓரமாக வந்து நின்றுவிட்டேன்.

"அது வாத்தியார் கணக்கு சார். உள்ளாற போட்டுக்கணும். பதிலுதான் தமிழ்ல சொல்லணும்" என்றாள் கண்ணம்மா.

இன்ஸ்பெக்டர் கோதண்டத்தின் பக்கம் திரும்பினார். "பதில் தமிழில்தானே வந்தது? அப்படியே எழுதிக்கொள்கிறேன். அடுத்த கணக்கைப் போடுங்கள்" என்றார்.

கோதண்டம் பலகையில் எழுதினார். பழக்கத்தில் கை தோளுக்குப் போயிற்று. துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்து மேஜைமேல் போட்டார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, உதடு தெரிய, தெலுங்கிலேயே கணக்கைப் போட்டார்.