நோன்பு மாதத்தில் எடுத்த ரத்தம்

சர்க்கரை வியாதியில் பெரியம்மாவுக்கு ஒரு கால் போனதிலிருந்து, அவருடைய தங்கையான என் உம்மாவுக்குத் தன் கால்கள் மேலேயே ஒரு கண். கொசு கடித்தால்கூட விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பார். அதற்காக இனிப்பைக் குறைத்தாரா என்றால், அதுதான் இல்லை.

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் ரத்தத்திலேயே சர்க்கரை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு வாப்பா போய் விசாரித்து வந்தார். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரவேண்டுமாம். உம்மாவுக்கு நிம்மதி. ரமலான் மாதத்தில் காலையில் யார் சாப்பிடப்போகிறார்கள்?

ரத்தம் கொடுத்தோம். சர்க்கரை அளவுக்கு மேலே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பஸ் எங்கள் ஊர் பெரியபட்டினம் வந்து சேரும் வரைக்கும் உம்மா முக்காட்டுக்குள்ளேயே அழுதார். அன்று நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை, வெறும் தண்ணீர்தான்.

மருந்து வாங்க மறுபடி போனோம். டாக்டருக்கு ஏதோ சந்தேகம்.

"அன்னைக்குக் கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க?"

"நான் நோன்புங்க டாக்டர். எச்சியக்கூட முழுங்கல."

"நோன்பு பிடிக்கிறதுக்கு முன்னால?"

"சஹர் நேரத்துல நாலு வாய் சோறு. பாலு, சீனி, வாழப்பழம் போட்டுப் பெசஞ்சு."

டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். "விடியக்காலம் தின்ன சீனியத்தான் நான் அளந்திருக்கேன். பெருநாள் கழியட்டும். ராத்திரிச் சாப்பாட்டோட நிறுத்திட்டு வாங்கம்மா."

அப்படியே போனோம். சர்க்கரை இல்லை. எனக்கு அந்த வாசலிலேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. கல்யாணம் பேசி முடித்த பெண் என்பதால் அடக்கிக்கொண்டேன். உம்மாவும் பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். பெரியம்மா வீட்டு வாசல் வந்ததும் கால் தயங்கியது.

"கூடப்பொறந்த லாத்தாகிட்ட எந்த முகத்தோட இதச் சொல்லுவேன்?"

உள்ளே பாயில் இருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்னடி, இருக்கா இல்லயா?"

"இல்ல லாத்தா."

பெரியம்மா பக்கத்திலிருந்த சட்டியின் மூடியை எடுத்தார். முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்த வட்டிலப்பம், இன்னும் சூடு ஆறவில்லை. நாங்கள் டாக்டரிடம் இருந்த நேரத்தில் உட்கார்ந்தபடியே அடித்துக் கலக்கி, ஆவியில் வைத்து எடுத்திருக்கிறார். அதில் ஒரு துளி அவர் வாயில் வைக்க முடியாது.

"இருக்குன்னு வந்திருந்தா இத என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"தெருவுக்கே குடுத்திருப்பேன். ஒங்க உம்மா கண்ணுல காட்டியிருக்க மாட்டேன்" என்றவர், முதல் துண்டைத் தங்கையின் வாயில் ஊட்டினார்.