குண்டூசி குத்திய சீட்டு

இது கட்டுக்கதை இல்லை. நடந்தது எனக்கும் இல்லை, என் மாமாவுக்கு. அக்காவின் கணவர். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணால் கண்டதைக்கூட ஒரு தடவை துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிற ஆள். கதை விடுகிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. கடைசிப் பகுதியை நானே என் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் நம்புவது உங்கள் இஷ்டம்.

அக்கா தையல்காரி. அவளுக்கும் மாமாவுக்கும் துப்பறியும் படம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி ஆட்டத்துக்கு அதே தியேட்டர், அதே வரிசை, பதினான்கு, பதினைந்தாம் நாற்காலி. "துப்பறியும் ஜோடி கிளம்பியாச்சு" என்று நாங்கள் கேலி செய்வோம். இருவருக்கும் நடுவே ஒரு பந்தயம் உண்டு. இடைவேளையில் கிழித்த டிக்கெட்டின் பின்பக்கம் கொலைகாரன் யாரென்று எழுத வேண்டும். படம் முடிந்து விளக்குப் போட்டதும் பிரிக்க வேண்டும். மாமா எட்டிப் பார்த்துவிடுவார் என்று அக்கா தன் சீட்டை நான்காக மடித்து, சட்டைக் கழுத்தில் எப்போதும் குத்தியிருக்கும் குண்டூசியால் மூடிவிடுவாள். தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும்.

பதினோரு வருஷத்தில் அக்கா ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. மாமா ஒரு கரண்டிகூடக் கழுவவில்லை. காரணம், படம் தொடங்குமுன் மாமா வெளியே போய் டார்ச்சுக்காரரைப் பார்ப்பார். இருட்டில் இடம் காட்டுகிற பெரியவர். ஒரு சிகரெட் கொடுத்தால் கொலைகாரனைச் சொல்லிவிடுவார்.

போன வருஷம் ஒரு பழைய படத்தை மறுபடி போட்டார்கள். கருப்பு வெள்ளை. கணவனும் மனைவியும் துப்பறிவாளர்கள். அவர் மேஜைக்கு அடியில் தவழ்ந்து துப்புத் தேடுவார். அவள் அவர் முதுகில் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு யோசிப்பாள். "வீட்டுக்குப் போகலாமா?" என்று அவள் கேட்க, "அஞ்சே நிமிஷம்" என்று அவர் சொல்ல, ஒவ்வொரு தடவையும் தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கும்.

அன்று இடைவேளையில் அக்காவுக்கு முகம் வெளுத்திருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, வீட்டுக்குப் போகலாமா?" என்றாள். படத்து வசனத்தையே சொல்கிறாள் என்று மாமாவுக்குச் சிரிப்பு.

"தோத்துடுவேன்னு பயமா?" என்றார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். எழுதி, மடித்து, ஊசி குத்தினாள். முடிந்ததும் பிரித்தால் 'சமையல்காரி' என்று இருந்தது. கொலைகாரன் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். பஸ் ஸ்டாப் வரைக்கும் மாமா சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி முன்னால் நடந்தார். அக்கா நாலடி பின்னால் வந்தாள்.

அன்று மாலை ஆறு ஐம்பதுக்கு அக்கா போய்விட்டாள். "ரெண்டு மணி நேரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் மாமா தியேட்டரில் கைதட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் இதையெல்லாம் அவரே சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் நாலு மாதம் அவர் முகத்தில் விழிக்கவில்லை. அவருக்கு அவர்மீது இருந்த கோபம் அதைவிடப் பெரியது என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த வருஷம் அதே மாதம் அதே படம் திரும்ப வந்தது. மாமா ஒரு டிக்கெட் வாங்கினார். பதினான்கு. இடைவேளை வந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். போன வருஷம் செய்ய வேண்டியதை இந்த வருஷமாவது செய்ய வேண்டும். அவர் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

மணி 2:26. வாசலில் டார்ச்சுக்காரர். ஒரு வருஷமாக அவர் வேலையில் இல்லை. கண் ஆபரேஷன், மகள் வீட்டில் ஓய்வு. அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். மாமா சிகரெட் நீட்டவில்லை. பெரியவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, "போங்க, ரெண்டு பேரும் பார்த்துப் போங்க, படி இருக்கு" என்றார். பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்று மாமா நினைத்தார். திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

டார்ச்சு வெளிச்சம் பதினான்கைக் காட்டியது. மாமா உட்கார்ந்தார். வெளிச்சம் போகவில்லை. பதினைந்தின்மேல் நகர்ந்து, யாரோ உட்காரக் காத்திருப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அணைந்தது.

3:05. மாமாவின் மூக்கில் பெப்பர்மின்ட் வாசனை. அக்கா எப்போதும் பையில் வைத்திருப்பாளே, அதே வாசனை. பக்கத்தில் காகிதம் பிரிகிற சத்தம். சரசர... சரசர... முன்வரிசையில் யாராவது தின்பார்கள் என்று எண்ணினார். முன்வரிசை காலியாக இருந்தது.

3:20. திரையில் மனைவி கேட்டாள், "வீட்டுக்குப் போகலாமா?" எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்கு நெஞ்சில் ஊசி இறங்கியது. சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, பக்கத்தில் மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு... தாமதமாக.

3:48. இடைவேளை. விளக்குகள் எரிந்தன. அந்தத் தியேட்டரில் ஆள் உட்காராத நாற்காலி தானாக மேலே மடங்கிக்கொள்ளும். வரிசை முழுக்க மடங்கித்தான் இருந்தது. பதினைந்தாம் நாற்காலி மட்டும் விரிந்து கிடந்தது. ஸ்ப்ரிங் கெட்டிருக்கும் என்று மாமா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

கிளம்பிவிட வேண்டும். எழுந்தார்.

"தோத்துடுவீங்கன்னு பயமா?"

காதருகில்... மெதுவாக... அக்காவின் குரல்.

மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வலப்பக்கம் திரும்பவில்லை. திரும்பும் தைரியம் இல்லை. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பேனாவை எடுத்தார். கிழித்த டிக்கெட்டைத் திருப்பினார். கொலைகாரன் யார்? அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். ஒரு வருஷமாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த பதில்.

'நான்' என்று எழுதினார்.

4:03. விளக்கு அணைந்தது.

பக்கத்தில் பேனா ஓடுகிற சத்தம்.

காகிதம் மடிகிற சத்தம். ஒன்று... இரண்டு...

'டக்'. ஊசி.

5:02. படம் முடிந்தது. விளக்கு வந்தது.

'டப்' என்று பதினைந்தாம் நாற்காலி மேலே மடங்கியது.

மாமாவின் மடியில்... நான்காக மடித்த சீட்டு.

குண்டூசி பளபளத்தது.

அவர் அதைப் பிரிக்கவில்லை. மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். ஒரே இரவில் பத்து வயது கூடியதுபோல இருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சீட்டை மேஜைமீது வைத்தார். "இதுல என்ன எழுதியிருக்கும்னு எனக்குத் தெரியும்டா. நீங்கதான்னு எழுதியிருப்பா. நான் அதைப் பார்க்கணும். ஆனா தனியாப் பார்க்க முடியல" என்றார். எனக்கும் பிரிக்கக் கை வரவில்லை. எவனோ விளையாடியிருக்கிறான் என்று அவரை இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனேன்.

டார்ச்சுக்காரர் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நேற்று பதினைந்தில் யார் உட்கார்ந்தது என்று கேட்டேன்.

"என்ன கேள்வி இது? சாரோட வீட்டம்மாதான்."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இடைவேளைல வந்து எப்பவும்போலக் கேட்டாங்க, கொலைகாரன் யாருன்னு" என்றார் டார்ச்சுக்காரர்.

"எப்பவும்போலவா?" என்றேன்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். "இவர் படத்துக்கு முன்னாடி சிகரெட்டோட வருவார். அம்மா இடைவேளைல பெப்பர்மின்டோட வருவாங்க. யாருன்னு கேட்டுட்டுப் போய் வேணும்னே தப்பா எழுதுவாங்க. அவர் ஜெயிச்சாத்தான் வீடு வரைக்கும் சிரிச்சிட்டே வருவார்னு சொல்லுவாங்க. ஆனா நேத்து, 'இன்னைக்கு மட்டும் சரியா எழுதப் போறேன்'னாங்க. என்ன சார், வீட்டுல சண்டையா?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்டை எடுத்துக் காட்டினார். அக்கா போனதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வெளியே வந்து, தெருவோரத்தில் நின்று, ஊசியை உருவினேன். அக்காவின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கொஞ்சம் சாய்ந்த, அவசரமான எழுத்து.

'கடிகாரக்காரன்.'

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. மாமா தன் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தப்பா எழுதிட்டேன்டா. தோத்துட்டேன்" என்றார். நடுத்தெருவில் நின்று குழந்தைபோல அழுதார். நானும் அழுதேன்.

அன்றிலிருந்து நான் அவரோடு தங்கினேன். அவர் முறைப்படி ஒரு வாரம் பாத்திரம் கழுவினார். என்னைத் தொடவிடவில்லை. இரவில் நாங்கள் சாப்பிட்டது இரண்டு தட்டில். காலையில் தொட்டியில் மூன்று கிடக்கும். முதல் நாள் எண்ணிப் பார்த்தேன். அதற்குப் பிறகு எண்ணவில்லை. மாமா மூன்றையும் கழுவி வைப்பார். அவர் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத நிம்மதி தெரிந்தது.

ஏழு நாள் முடிந்தது. எட்டாம் நாள் காலை 5:40. சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். மாமா எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். உள்ளே யாரும் இல்லை. குழாய் மூடியிருந்தது. தொட்டி காலி. மூன்று தட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"என் வாரம் முடிஞ்சு போச்சாம்" என்றார் மாமா. "இன்னும் ஒரு வருஷம் நானே கழுவறேன்னு ராத்திரி பூரா கெஞ்சினேன்டா. கேட்கல. இப்பவும் அவளையே கழுவ வெச்சுட்டேன்."

நான் போய்த் தட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இன்னும் காயவில்லை.