அஜீஸ் பாயிடம் நான் கேட்ட கேள்வி

முனுசாமி டீக்கடையில் புதிதாக ஒரு பலகை தொங்குகிறது. 'இங்கு புட்பால் மட்டும் பேசவும். அரசியல், மதம் பேசக் கூடாது.' கரும்பலகை, சுண்ணாம்பு எழுத்து. 'மட்டும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு.

எந்த டீக்கடையில்தான் இப்படி ஒரு பலகை இல்லை, இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? மற்ற கடைகளில் பலகை ஊர் முழுவதற்கும் பொது. இது என் ஒருவனுக்காக எழுதியது!

இரண்டு மாதமாக உங்கள் பத்திரிகைப் பத்தியில் சிரிப்பையே காணோமே, உடம்பு சரியில்லையா என்று சில பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வாய்தான்... சொல்கிறேன்.

நான் ஜவ்வாது மலைமேல் காட்டிலாகா ஆபீஸில் கிளார்க் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே ஞாயிற்றுக்கிழமை சந்தை. சந்தை கலைகிற நேரத்தில் பின்னால் இருக்கும் பொட்டலில் புட்பால். மலைக்காரர்கள் ஒரு டீம். சந்தைக்கு வந்த வியாபாரிகளும் லாரிக்காரர்களும் ஒரு டீம். விளையாடுவது ஒரு மணி நேரம். அதைப் பற்றி முனுசாமி கடையில் பேசுவது அடுத்த ஞாயிறு வரை.

அஜீஸ் பாய் வாணியம்பாடிக்காரர். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டுமே, அதை வாங்கிப் போக வாராவாரம் லாரியோடு வருவார். வாலிபத்தில் ஊர் டீமுக்குக் கோல்கீப்பர். ஐம்பது வயதிலும் எங்கள் பொட்டலில் வியாபாரிகள் டீமுக்கு அவர்தான் கோல். கல்கத்தா மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வந்து சேரும். பேப்பர் இரண்டு நாள் கழித்து வருகிற மலையில் வேறு என்ன வழி?

மலை டீமுக்குத் தலைவர் சின்னாண்டி. சாமையும் புளியும் அவர் பிழைப்பு. மேட்ச் தொடங்கும் முன்பு தன் பக்கத்துக் கோல் கம்பத்தடியில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் புதைப்பார். குலதெய்வம் பந்தை உள்ளே விடாதாம். சரி. ஆனால் இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறுவார்களே? முதல் தடவை அந்த யோசனை அவருக்கு வரவில்லை. இரண்டாம் பாதி முழுக்க அவருடைய தெய்வம் அஜீஸ் பாயின் கோலைக் காவல் காத்தது! மலை டீம் தோற்றது.

அன்றிலிருந்து இடைவேளை விசில் ஊதியதும் சின்னாண்டி பழத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டு அடுத்த கோலுக்கு ஓடுவார். அதே நேரத்தில் அஜீஸ் பாய் கோட்டுக்கு வெளியே துண்டை விரித்து அஸர் தொழுவார். இரண்டு காரியமும் முடிந்த பிறகுதான் ரெபரி மறுபடி விசில் ஊதுவார். ரெபரி அடியேன்தான்.

அரசியலும் குறைவில்லை. லைன்ஸ்மேன் ஆளுங்கட்சிக்காரர். முனுசாமி எதிர்க்கட்சி. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினால் போதும் — "அது ஆப்சைடு இல்ல சார், கட்சிக்கொடி!" என்று கடை வாசலிலிருந்து குரல் வரும். ஆக மதமும் இருந்தது, அரசியலும் இருந்தது. யாருக்கும் தலைவலிகூட வந்ததில்லை.

அப்புறம் எல்லையில் சண்டை மூண்டது.

அந்த ஞாயிறு முனுசாமி கடையில் ரேடியோவைச் சுற்றி இருபது பேர். பெஞ்சின் கோடியில் அஜீஸ் பாய், பக்கத்தில் சின்னாண்டி, எதிரே நான். செய்தி முடிந்து ஏதோ பாட்டு வந்தது. எல்லோர் முகமும் இறுகிக் கிடந்தது. கொஞ்சம் கலகலப்பாக்கலாமே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஏன் பாய், நம்ம நாட்டு டீமுக்கும் அவங்க நாட்டு டீமுக்கும் மேட்ச் வந்தா நீங்க யாருக்குக் கை தட்டுவீங்க?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அஜீஸ் பாய் பாதி டீயோடு கிளாஸை பெஞ்சில் வைத்தார்.

"டிரைவர் காத்துனு கீறான் சார். வர்றேன்."

அன்று அவர் மேட்சுக்கு நிற்கவில்லை. லாரி இறங்குகிற சத்தம் வளைவுக்கு வளைவு கேட்டுக்கொண்டே இருந்தது. முனுசாமி அந்தக் கிளாஸை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

"இன்னா சார் நீங்க... படிச்ச ஆளு."

அடுத்த ஞாயிறு லாரி வந்தது. டிரைவர் மட்டும் இறங்கினார். "பாய் வரல சார். என்னிய போய்ட்டு வரச் சொன்னாரு." ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றார். நிஜமாகவே தெரியாதா, சொல்லக்கூடாது என்று உத்தரவா? அவர் மூட்டை தூக்குகிறபோதெல்லாம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அதற்கடுத்த ஞாயிறும் பாய் இல்லை. அதற்குள் சந்தையில் ஆளுக்கொரு பேச்சு. கீழே ஊரில் போலீஸ்காரர்கள் யார் யாரையோ விசாரிக்கிறார்களாம் என்றார் ஒருவர். இருபது பேர் நடுவில் நான் கேட்டது எந்தக் காதில் விழுந்து எங்கே போய்ச் சேர்ந்ததோ! ஒரு மனிதரின் பெயரோடு அந்தக் கேள்வியை முடிச்சுப் போட்டுவிட்டது நான்தானே?

மன்னிப்புக் கேட்டு ஒரு கார்டு எழுதினேன். எழுதி முடித்ததும் பயம். தபால்காரர் படிப்பார். தபால் பிரிக்கிற இடத்தில் இன்னொருவர் படிப்பார். 'அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது' என்று எழுதினால், எந்தக் கேள்வி என்று யாராவது துருவ மாட்டார்களா? கிழித்துப் போட்டேன். கவரில் எழுதினேன். கவரைப் பிரித்துப் பார்த்தால்? அதையும் கிழித்தேன். இப்படி நான்கு.

என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "கேட்டது நேர்லதானே? நேர்லயே போய்ட்டு வாங்க" என்று ஒரு பாட்டில் மலைத்தேனைக் கையில் திணித்தாள்.

அவர் வராமல் ஐந்தாவது வாரம் அது. இருக்கிற ஒரே பஸ்ஸைப் பிடித்து ஆலங்காயம் இறங்கி, அங்கிருந்து வாணியம்பாடி. வழி நெடுக ஒத்திகை. 'பாய், நான் வேற அர்த்தத்துல கேக்கல'... வேறு எந்த அர்த்தம்? 'தமாஷுக்குக் கேட்டேன்'... யாருக்குத் தமாஷ்? பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் தேன் மட்டும்தான் இருந்தது, வாயில் ஒரு வார்த்தை இல்லை.

வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே போனால் — அஜீஸ் பாய் கட்டிலில். முழங்காலிலிருந்து பாதம் வரை மூங்கில் பட்டை வைத்துப் புத்தூர் கட்டு!

ஊரில் கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் மேட்சாம். கல்யாணமானவர்கள் மானத்தைக் காப்பாற்றப் பாய்ந்திருக்கிறார். பந்து வெளியே போனது, கால் உடைந்தது. கேட்டதும் எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? ஒரு மனிதருக்குக் கால் உடைந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்படியானால் காரணம் கால்தான். நான் இல்லை!

"அப்பாடா! நான் பயந்தே போய்ட்டேன் பாய். எம்மேல கோவத்துலதான் வரலியோன்னு..."

அவர் தேன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கால் ஒடிஞ்சி மூணு வாரம்தான் சார் ஆவுது."

ஐந்தில் மூன்று போக, முதல் இரண்டு வாரத்துக்குக் காரணம் கால் இல்லை. உள்ளேயிருந்து டீ வந்தது. குடிக்கச் சொன்னார். குடித்தேன்.

"சண்டைய பத்தி அன்னிக்கு எல்லாரும்தான் பேசினோம். நானும்தான் பேசினேன். பேசறதுல இன்னா கீது? சின்னாண்டிய கேட்டீங்களா சார், யாருக்குக் கை தட்டுவேன்னு?"

"இல்ல."

"முனுசாமிய?"

"இல்ல பாய்."

"இருபது பேரு உக்காந்துனு இருந்தாங்க. என்கிட்ட மட்டும்தான் கேட்டீங்க. அத்தினி பேரும் எம்மூஞ்சியையே பாத்தாங்க சார். பதினைஞ்சு வருசமா அந்த பெஞ்சில உக்கார்றேன், அன்னிக்குத்தான் நான் வேற ஆளுன்னு தெரிஞ்சிது."

மன்னித்துவிடுங்கள் என்றேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து அது ஒன்றுதான் வந்தது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பஸ்ஸு போய்டப் போவுது, பாத்து போங்க" என்றார்.

அதை மனசில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் தூங்குவது? மலைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். முனுசாமி மறுநாளே சுண்ணாம்பைக் கரைத்துப் பலகையை எழுதி மாட்டிவிட்டார்.

போன ஞாயிறு லாரி வந்து நின்றது. கதவு திறந்து முதலில் ஒரு கைத்தடி இறங்கியது. பின்னால் அஜீஸ் பாய்! சின்னாண்டி ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார். நான் ஓடவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து பலகையைப் படித்தார்.

"இது இன்னாத்துக்கு?"

"சும்மாதான் பாய்" என்றார் முனுசாமி, என்னைப் பார்க்காமல்.

எல்லோரும் புட்பால் மட்டும் பேசினோம். நம்புவீர்களா — ஐந்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துபோயிற்று! லைன்ஸ்மேனைப் பற்றிப் பேசினால் கட்சி வருகிறது. சின்னாண்டியின் கோலைப் பற்றிப் பேசினால் குலதெய்வம் வருகிறது. மிச்சம் என்ன? பந்து உருண்டையாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருக்கலாம். எல்லோரும் ஊதி ஊதி டீயைக் குடித்தோம்.

மேட்ச் தொடங்கியது. கோலில் வேறு ஆள். அஜீஸ் பாய் கோட்டோரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். இடைவேளை விசில் ஊதினேன். சின்னாண்டி கம்பத்தடியில் நின்று தரையைப் பார்க்கிறார், பாயைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்... குனியவில்லை. பலகை பயம்!

"யோவ் சின்னாண்டி!" — அஜீஸ் பாயின் குரல் பொட்டல் முழுக்கக் கேட்டது. "பழத்த எடுக்கலியா? அப்பால தோத்துட்டு எங்க கோலுக்குக் காவல் வெச்சிட்டேன்னு அழுவியா?"

பொட்டலே சிரித்தது. சின்னாண்டி தோண்டி எடுத்துக்கொண்டு ஓடினார். நான் மட்டும் சிரிக்க முடியாமல் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றேன். லாரியை விட்டு இறங்கியதிலிருந்து அவர் என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை...

"சார்!"

போனேன்.

"கால மடக்க முடியல. இப்பிடி உக்காந்தே தொழுதுடறேன். பசங்க பந்த ஒதைச்சினு கீறாங்க, கால் மேல வந்து விழப் போவுது. கொஞ்சம் முன்னால நில்லுங்க."

துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு கண்ணைத் தாழ்த்தினார். நான் அவருக்கு முதுகைக் காட்டி, பொட்டலைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

ஜன்மத்தில் நான் கோல்கீப்பராக நின்றது அந்தப் பத்து நிமிஷம்தான். மூன்று பந்து வந்தது. ஒன்றைக்கூட விடவில்லை!