வாத்து வண்டி கொதித்த மதியம்

மாசி மாதம், காலை பத்து மணி. தாராசுரம் கோயிலைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்த நான், முதலில் நாகப்பட்டினத்தைப் பார்த்துவிட்டு, கீழ்வேளூரில் நீடாமங்கலம் பேருந்துக்காக நின்றிருந்தேன். எதிரே ஒரு சின்ன லோடு வண்டியில் வாத்துகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலும் கீழுமாக இரண்டு தட்டு. கால் மாற்றி வைக்கக்கூட இடமில்லை.

வாத்துகள் அஞ்சலை என்பவருடையவை. அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிட்டு, ஊர் ஊராக நகர்கிறவர். கணவர் முன்னதாகவே நீடாமங்கலம் போய் மேய்ச்சலுக்கு வயல் பேசி வைத்திருந்தார். நான் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, "நீடாமங்கலமா? வாங்கக்கா, முன்னாடி எடம் இருக்கு" என்றார்.

சுமார் நாற்பது கிலோமீட்டர் வழி. திருவாரூர்வரை ஓட்டுநர் சேகர் பேசிக்கொண்டே வந்தார். அதைத் தாண்டியதும் பேச்சு நின்றது. இஞ்சின் வெப்பமானியின் முள் மேலே ஏறியது, சட்டென்று விழுந்தது, மறுபடி ஏறியது. கொரடாச்சேரிக்கு முன்பே, ஒரு வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

"காலையிலதான் ரேடியேட்டர் ஓஸ் மாத்துனேன். அவசரத்துல தண்ணிய ஊத்தி மூடிட்டேன். உள்ள ஏர் புடிச்சிருக்கு, காத்து அடைச்சுத் தண்ணி சுத்தல."

"நிறுத்தாதீங்கண்ணே! ஓடினாத்தான் காத்து வரும். நின்னா அத்தனையும் செத்துப்போயிரும்!" என்றார் அஞ்சலை.

"ஓட்டினா இஞ்சின் போயிரும்மா."

"அப்ப சீக்கிரம் தொறந்து தண்ணிய ஊத்துங்க!"

சேகர் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். "இப்ப தொறந்தா மூஞ்சி வெந்துரும். ஆறட்டும்."

அஞ்சலை பின்கதவைத் திறந்தார்.

வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீர் தேங்கியிருந்தது. ஆனால் இரு கரையிலும் நெல் அறுத்த தாளுக்கிடையே உளுந்து முளைத்து நின்றது. முதல் வாத்து இறங்குவதற்குள் ஒருவர் துண்டை வீசிக்கொண்டு ஓடிவந்தார். "உளுந்துல விட்றாதீங்க! இப்பதான் ரெண்டு இலை விட்டிருக்கு!"

"வாய்க்கால்லதாங்க விடுறோம். வண்டி நின்னுபோச்சு. பாருங்க, மூச்சு வாங்குது."

அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கீழ்த்தட்டில் சில வாத்துகள் கழுத்தை நீட்டிக் கிடந்தன. "கரைக்கு வலை கட்டுங்க" என்று மட்டும் சொன்னார். இரவில் வாத்துகளை அடைத்துப் பட்டி போடும் வலை வண்டியில் இருந்தது. அது ஒரு கரைக்குத்தான் போதுமானது. மறுகரையில் அவரும் நானும் கைகளை விரித்து நின்றோம். தப்பி ஏறிய ஒன்றை அவரே துரத்திப் பிடித்து, ஏதோ முணுமுணுத்தபடி தண்ணீரில் போட்டார்.

வெகுநேரம் கழித்து சேகர் மூடியைத் திறந்தார். அஞ்சலையின் குடிநீர்க் கேன்தான் கிடைத்தது. "கூலன்ட்ட அப்புறம் பாத்துக்கலாம்." மெல்ல ஊற்றினார். நிறைந்தது போலிருந்தது. இஞ்சினை ஓடவிட்டு மேல் ஓஸைக் கையால் அமுக்க அமுக்க, ரேடியேட்டர் வாயில் குபுகுபுவென்று குமிழிகள் வந்தன. தண்ணீர் கீழே இறங்கியது. மறுபடி ஊற்றினார். இஞ்சினின் மேலிருந்த சின்ன திருகைத் தளர்த்தினார். புஸ்ஸென்று காற்றும் நுரையும் துப்பி, கடைசியில் தண்ணீர் அறாமல் ஒழுகியது. திருகை இறுக்கிவிட்டு, "கீழ் ஓஸத் தொடுங்கக்கா" என்றார். சுட்டது. "முன்ன சில்லுனு கெடந்துச்சு. இப்பத்தான் தண்ணி சுத்துது."

வாத்துகளைத் திரும்ப ஏற்றுவது அதைவிடக் கடினமாக இருந்தது. கீழ்த்தட்டில் இறந்தவற்றை அஞ்சலை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினார். உளுந்துக்காரர் கரையோரம் மிதிபட்ட பயிரை நிமிர்த்திக்கொண்டிருந்தார். சேகர் கும்பிட்டார். அவர் தலையசைத்தார்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போகும்வரை எங்கள் மூன்று பேரின் கண்களும் வெப்பமானி முள்ளின் மேலேயே இருந்தன. முள் நடுவிலேயே நின்றது. கேட்டைக் கடந்து அஞ்சலையின் கணவர் காத்திருந்த வயலில் இறக்கியபோது பொழுது சாய்ந்திருந்தது.

அன்றிரவு நீடாமங்கலத்திலேயே தங்கிவிட்டு, மறுநாள் கும்பகோணம் பேருந்துக்கு முன் அந்தப் பட்டிக்குப் போனேன். சேகர் அங்கேயே வண்டியில் படுத்திருந்து, இஞ்சின் ஆறியிருந்த விடிகாலையில் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். தண்ணீர் மட்டம் சற்று இறங்கியிருந்ததாம்; மிச்சக் காற்றும் போய்விட்டது என்றார். ஊரில் என் காரில் ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டதில்லை.

அஞ்சலை வெறும் கூடையோடு பட்டியிலிருந்து வெளியே வந்தார்.

"முட்டை இல்லையா?"

"பயந்துருக்குல்லக்கா, கொஞ்ச நாளைக்கு வெக்காது" என்றார். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாத்துகளை வயலுக்குத் திறந்துவிடப் போனார்.