தேத்தண்ணி வேண்டாமென்ற உத்தியோகத்தர்

இறக்காமத்தில் என் வயலை மூடிய வெள்ளம் வடிந்த பிறகு, நட்டஈட்டுக்காகச் சேதம் பார்க்க ஓர் உத்தியோகத்தர் வந்தார். ஒல்லியான மனிதர். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். தூரத்திலிருந்து பார்க்க நல்ல கதிர்கள்போலத் தெரிந்தவற்றையும் உள்ளங்கையில் கசக்கி ஊதினார். ஒரு மணிகூட மிஞ்சவில்லை.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க சேர்."

"இப்ப வேணாம் காக்கா" என்று அண்ணன் முறை வைத்தே மறுத்தார்.

எங்கள் பக்கத்தில் தேத்தண்ணியை மறுப்பவர் மனதில் ஏதோ வைத்திருக்கிறார் என்றுதான் நினைப்போம். நட்டஈடு வராது என்றே மனைவி முடிவுகட்டிவிட்டாள்.

காசு வங்கிக்கு வந்த மறுநாள், அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது.

"கெடச்சிட்டா காக்கா?"

"ஓம் சேர், அல்ஹம்துலில்லாஹ்!"

"அப்ப அந்தத் தேத்தண்ணியத் தாங்க. அண்டைக்குக் குடிச்சிருந்தா, அதுக்காகத்தான் நட்டஈடு எழுதினான் எண்டு கதைச்சிருப்பாங்க."

என் கோப்பையை வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது, சந்தோஷத்தில் மனைவி சீனியே போடவில்லை. அவருடைய கோப்பை அதற்குள் காலியாகியிருந்தது.