செத்துப்போனவளின் போர்த்துக்கேயம்

யோகராணியைப் பற்றி மெல்பேர்னின் மல்கிரேவ் பகுதியில் எவரைக் கேட்டாலும் "பாவம், அமைதியான பிள்ளை" என்பார்கள். அமைதியாம்! ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க ஊரார் இரத்தத்தைப் பரிசோதிக்கிறவள் வேலை நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் அமைதியாகிவிடுமா? அவள் வயிற்றில் எரிந்த நெருப்பில் ஒரு கலியாண வீட்டுக்கே சமைத்திருக்கலாம்.

மூட்டியவன் அவள் புருஷன் மகேந்திரராஜா. மண் ஆராய்ச்சிக்காரன். எழுபத்துமூன்றில் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்தார்கள். அடுத்த வருஷமே அவன் ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு பிரேசிலின் அமேசன் காட்டுக்குப் போனான். சில மாதங்களில் வருகிறேன் என்று போன மனுஷன் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பினான், மார்லி என்ற பிரேசில்காரியோடு. வீட்டுப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. நகரத்தின் மறுபக்கத்தில் வேறு வீடு எடுத்து அவளோடு குடித்தனம். விவாகரத்தும் இல்லை, விளக்கமும் இல்லை. நியாயம் கேட்கப் போன நம் சனம், ராணிக்கும் தனக்கும் ஒத்துவரவில்லை என்று அவன் சொன்னதைக் கேட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தது.

மார்லி ஒரு பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் போர்த்துக்கேயம் படிப்பிக்கிறாள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் பக்கத்துத் தெரு இரஞ்சிதம் அன்ரி. சும்மா வாய் அரிப்பில் சொன்னதுதான். ராணி மறுநாளே போய், தகப்பன் பெயரைக் கொடுத்து மிஸ் தேவராஜா என்று பதிந்துவிட்டு வந்தாள். அன்ரி தலையில் கை வைத்தார்.

"விசரே பிள்ளை உனக்கு? அவளிட்டையோ படிக்கப் போறாய்?"

"ஓம் அன்ரி. தமிழிலை கிழிச்சால் அவளுக்கு விளங்காது. அவளின்ரை பாஷையிலேயே, நாலு பேருக்கு முன்னாலை கிழிக்கவேணும்."

முதல் வகுப்பில் மார்லி புத்தகம் எதுவும் தரவில்லை. விளக்கை அணைத்துச் சுவரில் படம் காட்டினாள். காட்டாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவளாம். புள்ளி போட்ட பெரும் புலியொன்று சுவரில் வந்து உட்கார்ந்தது. "ஓன்சா" என்றாள். எல்லோரும் சொன்னார்கள். ராணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பிறகு ஆற்று நீர்நாய், எறும்புதின்னி, வள்ளம் மாதிரி அலகு வைத்த பறவை. ஒவ்வொரு மிருகத்தோடும் ஒரு வினைச்சொல். பாயும், பதுங்கும், விழுங்கும். எல்லாம் ராணிக்குத் தோதான சொற்களாகவே இருந்தன.

அவள் படித்த வேகத்தைப் பார்த்து மற்ற மாணவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆற்றங்கரைச் சனத்தின் வீட்டைக் காட்டியபோது மேசை, கதிரை, குசினி, ஜன்னல் எல்லாம் அவளுக்குப் பாதி தெரிந்த சொற்கள். போர்த்துக்கேயன் எங்கள் ஊரில் விட்டுப்போனவை. ஆனால் அவளுக்கு நெஞ்சு நிறைந்த பாடம் மரவள்ளிதான். அந்தப் பெண்கள் கசப்பு மரவள்ளியைத் துருவி, நீளமான ஓலைக் குழாயில் அடைத்து இழுத்து, நஞ்சுப் பாலைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தெடுப்பார்களாம். நஞ்சுக்கு என்ன சொல் என்று ராணி கையை உயர்த்திக் கேட்டாள். மார்லி சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்தாள்.

மார்லி கெட்டவளாகவாவது இருந்திருக்கலாம், அதுவும் இல்லை. அதுதான் ராணிக்கு எரிச்சல். காட்டைப் பிளந்து போட்ட தெருவையும், எரிந்து கரியான மரங்களையும், தெருவோடு வந்த சின்னமுத்து அம்மையில் கொத்தாகச் செத்த சனத்தையும் காட்டும்போது அவளுக்கு அடுத்த படத்துக்குப் போக மனம் வராது. அவளை வெறுப்பதற்கு ராணி ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கஷ்டப்படவேண்டியிருந்தது.

அப்படியிருக்க ஒருநாள் மார்லி காட்டின் வடக்கே வாழும் ஒரு குடியைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் இறந்தவரின் பெயரைப் பிறகு உச்சரிப்பதே இல்லையாம். "என் கணவரும் அப்படித்தான்," என்றாள். "சிலோனில் இறந்துபோன முதல் மனைவியின் பெயரை அவர் இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நவம்பரில் ஆத்துமாக்களின் திருநாளன்று அவளுக்காக ஒரு மெழுகுதிரி மட்டும் கொளுத்துவேன்."

ராணிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அடப் பாவி! இரத்தமும் சதையுமாக உட்கார்ந்திருக்கிறவளுக்குத் திவசமா? ஒத்துவரவில்லை என்று நம் சனத்துக்கு ஒரு கதை, செத்துப்போனாள் என்று இவளுக்கு ஒரு கதை. அன்று அவள் வீட்டுக்கு வந்து சோறு தொடவில்லை. மார்லிக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் அப்படியே அவன் பக்கம் திரும்பியது. இனி, தான் உயிரோடு இருப்பது மார்லிக்குத் தெரியவேண்டும்; அவன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும். மன்னிப்பாவது, மண்ணாவது!

கடைசி வகுப்புக்குக் குடும்பத்தவரையும் கூட்டிவரலாம், தன் கணவரும் வருவார் என்று மார்லி சொல்லியிருந்தாள். மாணவர் ஒவ்வொருவரும் தன்னைப் பற்றியும் ஒரு காட்டு விலங்கைப் பற்றியும் பேசவேண்டும். ராணி முதல் வரிசையில் இருந்தாள். விளக்கணைத்துப் படம் ஓடிக்கொண்டிருக்கையில் மகேந்திரராஜா பின்னால் வந்து நின்றான். செருமலிலேயே அவளுக்கு ஆள் தெரிந்தது. விளக்கு வந்ததும் அவள் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். அவன் கையில் கேக் துண்டு. வாய்க்குக் கொண்டுபோன கை அங்கேயே நின்றது.

புருஷன் பெயரைப் பெண் வாயால் சொல்லாத வீட்டில் வளர்ந்தவள் ராணி. இந்த நாட்டு அலுவலகங்களில் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவாள். அவனோடு வாழ்ந்த காலத்தில் ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"என் பெயர் யோகராணி," என்றாள் போர்த்துக்கேயத்தில். "எனக்கு விலங்கு வேண்டாம். என் கணவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் மகேந்திரராஜா. அதோ நிற்கிறார். அவர் மனைவி இறக்கவில்லை. நான்தான் அவள். மெழுகுதிரிகளுக்கு நன்றி."

மார்லி அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கரி பூசினாற்போல் ஆயிற்று. ராணிக்கு உள்ளே குளிர்ந்தது. பொய் எதற்கு, நன்றாகவே குளிர்ந்தது. அவன் கேக்கை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அவளிடம் வந்து, குரலைத் தாழ்த்தித் தமிழில் கெஞ்சினான்.

"இஞ்சரும், உம்மைக் கும்பிட்டன். பகிடியாய், சும்மா விளையாட்டுக்குச் சொன்னனான் எண்டு சொல்லிவிடும். மார்லி ஒரு விசரி, நீர் சொன்னால் நம்பிவிடுவா."

"என்ன சொல்கிறார்?" என்று மார்லி ராணியைக் கேட்டாள்.

ராணி அவள் பக்கம் திரும்பி, அவன் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல், நிறுத்தி நிறுத்திப் போர்த்துக்கேயத்தில் சொன்னாள்.