சரீபா ராத்தா மருமகனோடு நின்ற எழுபது நாள்

இலங்கையின் கிழக்கே எங்கள் நிந்தவூரில் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பார். மாமி அவருக்கு ஆக்கிப் போடுவார். ஆனால் சோற்றுப் பீங்கானை வைத்ததும் கதவுக்குப் பின்னால் போய்விடுவார். ஏதும் சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்லிவிடுவார். மார்க்கத்தில் இப்படி இல்லை. மருமகன் மஹ்றமான ஆள், மணக்க முடியாத நெருங்கிய உறவு, அவருக்கு முகம் மறைக்கத் தேவையில்லை. இது ஊர் மரியாதை, அவ்வளவுதான். என் பக்கத்து வீட்டுச் சரீபா ராத்தாவும் மருமகன் முத்தலிபோடு ஆறு வருடம் இப்படியே இருந்தார்.

முத்தலிப் அரிசி ஆலையில் மெஷின் பார்த்தவர். சத்தம் போட்டுக் கதைக்காத மனிதர். தொண்ணூற்றாறாம் ஆண்டு நோன்பு முடிந்த கையோடு அவருக்கு மனசு சுகமில்லாமல் போனது. ஏன் வந்தது என்று அல்லாஹ்தான் அறிவான். சோற்றில் யாரோ நஞ்சு போடுகிறார்கள் என்றார். மனைவி ஸம்ஸியா கொடுத்த தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றினார். தானே உடைத்த தேங்காயும் தானே உரித்த வாழைப்பழமும் தவிர வேறொன்றும் வாயில் வைக்கவில்லை. ஓதிப் பார்த்தார்கள். ஓதிய தண்ணியையும் அவர் குடிக்கவில்லை. ஆள் பாதியாகிப் போனார்.

கல்முனையில் அவருக்கு மருந்து கொடுத்தவர் கனகசபாபதி டொக்டர். “இவரை ஆஸ்பத்திரியில வைச்சுத்தான் பாக்கணும். கொழும்புக்கு அனுப்பலாம். ஆனா இவருக்குச் சிங்களம் வராதே. இது கதைச்சுக் கதைச்சுச் சுகப்படுத்துற வருத்தம்” என்றார். இந்தியாவில் தமிழ் கதைக்கும் மனநல ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த தன் சிநேகிதருக்குக் கடிதமும் எழுதினார். பதில் வந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த ஒருவர் கூடவே தங்க வேண்டும், இல்லையென்றால் சேர்க்க மாட்டோம் என்று அதில் இருந்தது.

ஸம்ஸியாவுக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். முத்தலிபின் தாயும் ராத்தாவின் புருஷனும் மௌத்தாகிப் பல வருடம். சொந்தக்காரர் ஒருவர் வந்து, காதியாரிடம் போய்க் கல்யாணத்தை முறித்துவிடுங்கள், மகளின் வாழ்க்கையைப் பாருங்கள் என்று புத்தி சொன்னார். சரீபா ராத்தா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டுத் தம்பி ஜவுபரைக் கூப்பிட்டார்.

“எனக்கொரு பாஸ்போட் எடு.”

“நீங்க போறதா? ராத்தா, மருமகனோட ஒரு வார்த்தை கதைச்சிருக்கீங்களா?”

“ஆக்கத் தெரியும். துஆக் கேக்கத் தெரியும். அதுக்கு மேல அல்லாஹ் இருக்கான்.”

ஜவுபர் இருவரையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். வயலில் வெள்ளாமை வெட்டுக் காத்திருந்ததால் உடனே திரும்பிவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் வரிசையாக அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி, ஒரு சொந்தக்காரர், மூலையில் ஒரு அடுப்பு. ராத்தா தன் சீலையொன்றைக் குறுக்கே திரையாகக் கட்டினார். சோறும் பருப்பும் ஆக்கி, முட்டை அவித்து, கட்டிலடியில் வைப்பார். வைத்ததும் திரைக்குப் பின்னால் போய் நிற்பார். நாடு விட்டு வந்தாலும் மரியாதை குறையக் கூடாதே என்று நினைத்தார்.

முத்தலிப் சோற்றைத் தொடவில்லை. ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது, மூன்றாவது நாளும் போனது. இப்போது அவருக்கு உடைக்கத் தேங்காயும் இல்லை.

ஆஸ்பத்திரி டொக்டர் வந்து பார்த்தார். “ஊசிய நாங்க போட்டுருவோம்மா. சாப்பாட்ட அவராத்தான் சாப்பிடணும். இல்லேன்னா மூக்கு வழியா குழாய் விடணும். ஏற்கெனவே பயந்து போன மனுஷன். அதுக்கப்புறம் நம்ம யாரையுமே நம்ப மாட்டார்.”

ராத்தா திரைக்குப் பின்னால் நின்று அழுதார். அங்கே வேலை செய்த நேர்ஸ் ஒருத்தி திரையை விலக்கிப் பார்த்தாள். “ஏம்மா, சோத்த வச்சிட்டு எதுக்கு ஓடி ஒளியிறீங்க? பாக்குற எனக்கே சந்தேகமா இருக்கே, என்னத்தையோ கலந்துட்டீங்கன்னு!”

தன் மரியாதைதான் மருமகனைப் பட்டினி போடுகிறது என்று ராத்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. லுஹர் தொழுதார். திரையை அவிழ்த்து மடித்து வைத்தார். முத்தலிப் பார்க்கும்படி அரிசியைக் கழுவி, அவர் பார்க்கும்படியே ஆக்கினார். ஒரே பீங்கானில் போட்டு, அவருக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். இதெல்லாம் ராத்தா பிறகு எனக்குச் சொன்ன கதை.

“மருமகன், நான் மாமிதான். பிஸ்மில்லாஹ். இஞ்ச பாருங்க, நான் தின்னுறன்.”

முத்தலிப் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்தா தன் பக்கத்துப் பாதியைத் தின்று முடித்தார். அவர் பக்கத்துப் பாதி அப்படியே கிடந்தது. அன்று பின்னேரமும் அப்படித்தான்.

மறுநாள் பகல், ராத்தா நாலு வாய் தின்றிருப்பார். முத்தலிப் கட்டிலை விட்டு இறங்கி வந்தார். பீங்கானைப் பிடித்து மெல்லத் திருப்பினார். ராத்தா தின்ற பக்கம் அவர் பக்கம் வந்தது. அந்த இடத்திலிருந்தே ஒரு வாய் எடுத்து வைத்தார். பிறகு இன்னொன்று. பீங்கான் வெறுமையாகும் வரை தின்றார்.

“மாமி, உப்புக் காணாது. இன்னும் கொஞ்சம் போடணும்.”

அதுதான் அவர் மாமியோடு கதைத்த முதல் கதை.

“வீட்டில நான் ஆக்கினதும் இப்படித்தானா?”

“ஓம்.”

“ஆறு வருசமுமா?”

“ஓம் மாமி.”

ராத்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. சத்தம் கேட்டு நேர்ஸ் ஓடிவந்தாள். வந்தவளும் வெறும் பீங்கானைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு மருந்துக் குளிசையும் உள்ளே போனது. டொக்டர் கேட்கச் சொன்னதை ராத்தா கேட்பார், என்ன பயம், யாருடைய குரல் கேட்கிறது என்று. முத்தலிப் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். சில நாள் திரும்பவும் சந்தேகம் வரும். அன்றைக்கு முதல் வாயை ராத்தாவே எடுப்பார். பெண்பிள்ளை பிறந்த செய்தி தந்தியில் வந்தபோது, ஸம்றா என்று பெயர் வைக்கச் சொன்னவர் முத்தலிப்தான். எழுபதாம் நாள் இருவரும் ஊருக்கு வெளிக்கிட்டார்கள். குளிசையைப் பல வருடம் விடக் கூடாது என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். முத்தலிப் விடவில்லை. ஊர் வந்து நாலாம் மாதம் திரும்பவும் ஆலைக்குப் போனார்.

ஊர் வாயை மூட முடியுமா? பிள்ளை பார்க்க வந்த ஒருத்தி எங்கள் எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். “மருமகனோட ஒரே பீங்கான்ல தின்டயாம். வெக்கமில்லையா கா?”

ராத்தா கோபப்படவில்லை. “வெக்கம் இருந்திச்சு புள்ள. மூணு நாள் வெக்கப்பட்டன். மூணு நாளும் மனிசன் பட்டினி கிடந்தாரு” என்றார்.

வந்தவள் குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். “மாமி, சோறு ஆறுது” என்று முத்தலிப் உள்ளேயிருந்து கூப்பிட்டார். ராத்தா எழும்பிப் போனார்.